பக்கத்து அறை

"களிமண் உருட்டி விளையாடறதுக்கா நான் அரை நாள் லீவு போட்டுட்டு வரணும்?"

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவு சாத்துவதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். உள்ளே அவருடைய பதின்மூன்று வயது மகள் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தாள். எதிரே, குழந்தைகளுக்கு மனநல சிகிச்சை தரும் அம்மா கன்னத்தில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"இதுதான் சார் இங்கே வைத்தியம்," என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண். "வாரத்துக்கு ஒரு நாள், அம்பது நிமிஷம். அந்த நேரம் முழுக்கக் குழந்தையோடது. பேசலாம், விளையாடலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம்."

"சும்மா உட்கார எங்க வீட்லயே நாற்காலி இருக்கே! அதுவும் இதைவிடப் பெருசு."

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார் அவர்.

மகள் வாயாடி என்று பேர் எடுத்தவள். ஒரு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. வீட்டிலும் 'ம்', 'ம்ஹூம்' தவிர ஒன்றுமில்லை. வகுப்பு டீச்சர் பயந்துபோய்க் கடிதம் கொடுத்து இங்கே அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் மனைவிக்கு பேக்கரியில் வேலை. அழைத்துவரும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

"நீங்க பக்கத்து அறைக்குப் போங்க சார். பெத்தவங்ககிட்ட பேச அங்கே தனியா ஒருத்தர் இருக்கார்."

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"உங்க பொண்ணைப் பத்திப் பேசத்தான் சார்."

மகளுக்காக என்றதும் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்.

பக்கத்து அறையில் ஒரு கண்ணாடிக்காரர். சாதுவான முகம்.

"பொண்ணு எப்போலேருந்து பேசறதில்ல?"

"ஒரு மாசமா."

"அதுக்கு முன்னால வீட்ல ஏதாவது நடந்ததா?"

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். மிச்ச நேரம் இருவரும் மாறி மாறிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நமக்கும் கொஞ்சம் களிமண்ணாவது கொடுத்திருக்கலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம் கண்ணாடிக்காரர் கேட்டார்: "வீட்ல எல்லாரும் சேர்ந்து கடைசியா எப்ப சார் சிரிச்சீங்க?"

மெக்கானிக் யோசித்தார். "ஆறு மாசம் இருக்கும்."

"அப்போ என்ன ஆச்சு?"

'ஒண்ணுமில்ல' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஒரு லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு, நான்தான் 'சரி, ஓட்டு'ன்னு குரல் கொடுத்தேன். என்னோட வேலை பார்க்கறவன், பத்து வருஷ சிநேகிதன், அவன் கை இன்னும் மெஷினுக்குள்ளே இருந்ததை கவனிக்கல. ரெண்டு விரல் நசுங்கிப்போச்சு. அவன் வேலைக்குத் திரும்பி வந்தாச்சு. எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியல. வேற கட்டடத்துக்கு மாத்தல் வாங்கிக்கிட்டேன். வீட்லயும் யாரோடயும் சேர்ந்து சாப்பிடறதில்ல..."

நாற்பத்தைந்து வயது மனிதர் கர்சீப் தேடினார். கண்ணாடிக்காரர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் அவரே முதலில் கிளம்பி வாசலில் நின்றார். ஐந்தாவது வாரம், "நேரம் முடிஞ்சது சார்" என்று கண்ணாடிக்காரர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆறாவது வாரம் சிநேகிதன் வீட்டுக்கே போய்விட்டார்.

"ஆறு மாசமா உன்னைத் திட்டறதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்," என்றான் அவன். "விரல் போனாக்கூடப் பரவாயில்ல. நீ வந்து பார்க்கலியே, அதுதான்டா வலிச்சுது."

அன்று வீட்டில் நான்கு பேருக்கான சாப்பாட்டை மூன்று பேர் உட்கார்ந்து காலி செய்தார்கள். மறுநாள் காலையில் முகம் மழிக்கும்போது அவர் ராகம் தப்பி எதையோ பாட, "அப்பா, போதும்!" என்று மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். அடுத்த வாரமே டீச்சரிடமிருந்து போன் வந்தது: "உங்க பொண்ணு வகுப்புல வாயை மூடறதே இல்ல. கொஞ்சம் கண்டிச்சு வைங்க சார்."

கடைசி நாள், மகளுக்கு சிகிச்சை தந்த அம்மாவிடம் கைகூப்பினார்.

"என்ன மாயம் பண்ணீங்க மேடம்? உள்ளே அவ ஒரு வார்த்தை பேசினாளா?"

"அவ சொன்னது அவளோடது சார். அதை நான் சொல்லக்கூடாது. அவகிட்டயே கேளுங்க."

தெருவுக்கு வந்ததும் கேட்டுவிட்டார்.

"முதல் நாள் மட்டும்தான்ப்பா பேசல. ரெண்டாவது வாரமே எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"என்னன்னு?"

"'எனக்கு ஒண்ணுமில்ல மேடம், பேசாம இருக்கறது எங்கப்பாதான்'னு."

அவர் நடையை நிறுத்தினார். "அதுக்கு அவங்க?"

"'அப்பாவுக்காக ஒரு மாசம் வாயைப் பூட்டிக்கிட்ட பொண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னு எப்படிச் சொல்றது? நீயும் வந்துக்கிட்டிரு'ன்னாங்க. அவங்க சொன்னதும் சரிதான். உங்களை நினைச்சு எனக்கும் பயமாத்தான் இருந்தது."

"அடிப்பாவி! என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே, யாரையாவது போய்ப் பாருங்கப்பான்னு?"

"அம்மா மூணு தடவை சொன்னாங்க. 'எனக்கென்ன பைத்தியமா'ன்னு குதிச்சீங்க," என்று சிரித்தபடி அவர் கையைக் கோத்துக்கொண்டாள் மகள். "உங்களுக்குன்னா வரமாட்டீங்க. எனக்குன்னா ஓடி வருவீங்கன்னு தெரியும்ப்பா."