கரடி கேட்ட வலயம்

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மாசி மாதம், லண்டன் லூயிஷாம் சந்தையில் ஒரு வெள்ளைக்கரடி நிற்கிறது. எட்டடி உயரம். வடதுருவத்திலிருந்து ரயில் மாறி மாறி வந்த களைப்பு அதன் முகத்தில் தெரிகிறது. வெங்காயக் கூடைகளின் மேல் விழும் தூறல் அதன் மயிரிலும் மணிமணியாக ஒட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் கௌசி என்ற பெட்டை, சாமான் வாங்க வந்த சிவமலரிடம் மனுத்தாளை நீட்டுகிறாள். "அன்ரி, கரடியின்ரை இடத்திலை எண்ணெய் தோண்டப் போறாங்கள். அதைப் பாதுகாப்பு வலயமாக்கச் சொல்லி ஒரு சைன் பண்ணுங்கோ." பேனை பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. "பாதுகாப்பு வலயமோ? ஐயோ, வேண்டாம் பிள்ளை. யாழ்ப்பாணத்திலை, பலாலியிலை என்ரை வீட்டையும் அப்பிடிச் சொல்லித்தான் ஆமிக்காரங்கள் அடைச்சவங்கள். பதினாறு வருசம். வாசலைக்கூடப் பாக்காமல் அம்மா அகதி முகாமிலையே கண்ணை மூடினா." "அப்ப தோண்டட்டுமோ, அன்ரி?" "தோண்டினால் இந்தச் சீவன் எங்கை போகும்?" தாளில் தூறல் விழுந்து மற்றவர்களின் கையெழுத்துகள் நீலமாகக் கரைகின்றன. சிவமலர் கரடியின் கையை இறுகப் பிடிக்கிறாள். "நீயாவது சொல்லு ராசா, உனக்கு என்ன வேணும்?" கரடி நல்ல யாழ்ப்பாணத் தமிழில் சொல்கிறது: "தங்கச்சி, எனக்கு வீட்டை போகவேணும்." சந்தை முழுக்கப் பார்த்து நிற்க, அதன் தோள்கள் குலுங்குகின்றன.

அந்தக் கரடி உடுப்புக்குள் நின்றவன் நான்.