பால் புள்ளி

"ஆடாம படுங்க. புள்ளி கோணிக்கிட்டுப் போனா அவன் கண்டுபிடிச்சிருவான்" என்று அதட்டினாள் ராக்காயி. சிரட்டையில் இருந்த ரப்பர் பாலை ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு, பாயில் கிடந்த புருஷன் இருளப்பனின் முகத்திலும் மார்பிலும் வைத்துக்கொண்டிருந்தாள். காயக் காய ஒவ்வொரு சொட்டும் அம்மைக் கொப்புளம் மாதிரியே எழும்பி நின்றது.

"அரிக்குது புள்ள."

"அரிக்கட்டும். சயாமுக்குப் போனா கறையான்தான் அரிக்கும்."

மலாயாவில், சிடாம் கிரிக்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் லோரி உறுமிக்கொண்டு நின்றது. ஜப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். முன்னே போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை. கூலிகள் குடியிருந்த லயத்தின் அந்தக் கோடியிலிருந்து வீடு வீடாக ஆம்பளைகளைச் சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். இந்த வீட்டுக்கோ ஒரே வாசல். எலிப்பொறி தேவலை!

"அம்மைன்னா அவனுங்க கிட்ட வர மாட்டானுங்க" என்று யோசனை சொன்னவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வால்டர். மருந்து அலமாரி காலியான பிறகு அவர் கையில் மிஞ்சியிருந்த வைத்தியம் அதுதான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அம்மை குத்துவதும் நின்று போயிருந்ததால், யாருக்கும் சந்தேகம் வராது.

ராக்காயி லேசுப்பட்டவளா? மாரியம்மன் கோயில் வேப்பிலையை வாசலில் செருகியிருந்தாள். கப்பலேறுமுன் மண்டபம் கேம்ப்பில் இருளப்பனுக்கு அம்மை குத்திய தழும்பைக்கூட மறக்காமல் துணி சுற்றி மறைத்திருந்தாள்.

இருட்டு மூலையில் கோணிக்குள் சுருண்டு கிடந்த குழந்தை குணவதி முனகினாள்.

"பாப்பாவக் கொஞ்சம் பாரேன் புள்ள. முந்தாநாள்ல இருந்து அனலாக் கொதிக்குது."

"எப்பவும் வர்ற குளிர்காச்சதான். கொய்னா மாத்திரை இருந்தா குடுக்க மாட்டேனா? மொதல்ல உங்க தலை தப்பட்டும். அப்புறம் அவளப் பாக்குறேன்."

பக்கத்து வீட்டுக் கதவு உடைந்தது. "என் புள்ளய விடுங்கடா!" என்று காளியம்மா போட்ட ஓலம் சுவரைத் தாண்டி வந்தது. ராக்காயி சிரட்டையை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தாள்.

பூட்ஸ் சத்தம் வாசலில் நின்றது. "சாச்சார், துவான், சாச்சார்!" 'அம்மை, ஐயா, அம்மை' என்று மலாயில் கத்தியபடி வால்டர் கூடவே ஓடிவந்தார்.

ராக்காயி இடுப்பு வரை குனிந்தாள். சிப்பாய் போகும்வரை நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் அறை விழும்.

அவன் வேப்பிலையை மதிக்கவில்லை. வால்டரைத் தள்ளிவிட்டு உள்ளேயே வந்துவிட்டான். டார்ச் வெளிச்சம் இருளப்பன் மேல் விழுந்தது. பயத்தில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றிப் புள்ளி ஒன்று ஓரம் உரிந்து தொங்கியது. குனிந்த தலையோடு ராக்காயி அதைப் பார்த்துவிட்டாள். 'போச்சு. ஆத்தா, எல்லாம் போச்சு.'

சிப்பாய் ஒரு சிரிப்புச் சிரித்தான். பூட்ஸ் அவளைக் கடந்து மூலைப் பக்கம் போனது. கோணியை விலக்கும் சரசரப்பு கேட்டது.

அடுத்த நொடி ஒரு கத்தல்! பூட்ஸ் இரண்டும் தடதடவென்று வெளியே ஓடின. வாசலில் நின்று என்னவோ காட்டுக் கூச்சல் போட்டுவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டான். லோரி புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டபோது இருளப்பன் பாயிலேயே குப்புறப் புரண்டு அழுதான்.

வால்டர் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இனி இந்த வீட்ட விட்டு யாரும் வெளிய வரக்கூடாதுன்னு உத்தரவு. வந்தா சுட்டுருவானாம். போகட்டும்லா, உசுரு தப்பிச்சுச்சே!"

"உங்க புண்ணியம், ஐயா."

"என் புண்ணியமா? இவன் நெத்தியில பாலு உரிஞ்சு தொங்குது, அவன் பாத்துட்டுச் சிரிக்கிறான். எனக்கு உசுரே போயிருச்சு." வால்டர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வேள, நீ கெட்டிக்காரி. பாப்பா மொகம் முழுக்கவும் புள்ளி வச்சிருந்த பாரு, அதப் பாத்துத்தான் அவன் அரண்டு ஓடுனான்."

ராக்காயி மெல்ல மூலைப் பக்கம் திரும்பினாள்.

"பாப்பாவுக்கு நான் வைக்கலியே, ஐயா."