செவ்வால் கெண்டை

“ஒரே ஒரு துண்டு போதும்டா. ஆனா அது செவ்வால் கெண்டையா இருக்கணும். நம்ம ஆத்து மீனா இருக்கணும்.”

படுக்கையில் இருந்தபடியே அப்பா மறுபடி ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தவர், ஒரு வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆசைப்பட்டுக் கேக்கறார். எப்படியாவது பார்த்துட்டு வாங்களேன்,” என்றாள் மகனின் மனைவி.

மகன் ஆற்றங்கரைக்குப் போனான். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து வலைச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர், அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“செவ்வால் கெண்டையா? தண்ணி தெளிஞ்சு ஓடணும், அடியில கூழாங்கல்லு கிடக்கணும். அங்கதான் அது முட்டையே போடும். இப்ப துறையில இறங்கினா நமக்கே காலு அரிக்குது. அந்த மீன் கண்ணுல பட்டு வருஷக்கணக்காச்சு. உங்களுக்குத் தெரியாததா தம்பி?”

அவன் வண்டியைச் சந்தைக்குத் திருப்பினான். பண்ணைக் கெண்டை ஒன்றை வாங்கி, தலையையும் வாலையும் கடையிலேயே வெட்டிப் போடச் சொன்னான்.

“மாமா கண்டுபிடிச்சிட்டா?” மீனைப் பொரித்தபடி மனைவி கேட்டாள்.

“அவருக்குக் கண்ணும் சரியாத் தெரியல. நீ வாயை விடாம இருந்தாப் போதும்.”

“நான் எங்க வாயை விடறேன்? உங்க மூஞ்சிதான் காட்டிக்கொடுக்கும்.”

அப்பா ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“நம்ம ஆத்துல புடிச்சதா?”

“ஆமாப்பா. காலையிலதான் வலையில மாட்டுச்சாம்.”

“சத்தியமா?”

“சத்தியமாப்பா.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“ஏம்ப்பா, ருசியா இல்லையா?”

“ருசிக்கா கேட்டேன்? இந்த வைத்தியத்துல நாக்குதான் எப்பவோ செத்துப்போச்சே!” மகனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். “அழுக்குத் தண்ணியில செவ்வால் கெண்டை ஒரு நாள் தங்காதுடா. உன் சாயப்பட்டறைக் கழிவுதான் ஆத்தைக் கெடுத்துதுன்னு என்னைப் பார்க்க வர்றவன் எல்லாம் சொல்றான். என் புள்ள அப்படிச் செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும். இனிமே எவனாவது வந்து சொல்லட்டும், நான் பேசிக்கறேன்.”