எட்டாம் எண்

போன வருடம் இயந்திரத்தில் சிக்கிச் செத்த சுகுமாறனின் எட்டாம் எண், திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்குக் கிள்ளான் தொழிற்சாலைக்குள் வந்ததாகப் பதிவாகியிருந்தது.

வருகைப் பதிவு மென்பொருளை எழுதிய நிரஞ்சனிக்குக் காரணம் உடனே புரிந்தது. புது ஆள் வாசுவின் பத்தாம் எண்ணை, பார்க்க அழகாக இருக்கட்டுமென்று 010 என அடித்திருந்தாள். முன்னால் பூஜ்யம் இருந்தால் அந்தக் கணினி மொழி பத்துப்பத்தாக அல்லாமல் எட்டெட்டாக எண்ணும். 010 அதற்கு எட்டு.

"பயந்துட்டேன் லா," என்றார் மேனேஜர் ஐங்கரன். "அவன் கேஸ்தான் முடிஞ்சுபோச்சே. வெளிய போன டைம் நீதானே போட்டுக் கொடுத்த?"

"நீங்க சொன்னீங்க, போட்டேன் பாஸ்."

கம்பெனி நஷ்டஈடு கொடுக்காமல் தப்பிக்க, விபத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அவன் வேலை முடிந்து வெளியேறிவிட்டதாக அவள்தான் பதிவைத் திருத்தியிருந்தாள்.

பூஜ்யத்தை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை வாசு பத்தாகவே வந்தான். அவனுக்கு அடுத்த வரியில், அதே ஏழு பத்துக்கு, எட்டும் வந்தது. சுகுமாறனின் வருகைப் பதிவு அட்டை அவளுடைய இழுப்பறையில்தான் கிடந்தது.

விபத்து நாளின் பழைய பதிவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்த நேரம் இருந்தது. அவள் போட்ட வெளியேறிய நேரம் இல்லை.

மாலையில் எல்லோரும் போய்க் கதவைப் பூட்டிய பின்பும், உள்ளே ஒருவர் இருப்பதாகவே திரை காட்டியது.