வலப்பக்கத்து இருக்கை

கோத்தகிரியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரில் ஏறியதும் செலினின் இருக்கை சுருக்கென்று சுட்டது, அவள் நெளிந்தாள். மரத்துப்போன உடம்பு தன்னை அறியாமல் வெந்துவிடக் கூடாதென்று, இந்தக் காலத்து இருக்கைகள் முதலில் ஒருமுறை சுட்டுப் பார்க்கும்; உட்கார்ந்தவர் நெளிந்தால்தான் கதகதப்பைக் கொடுக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவர் ஞானராஜின் இருக்கை மட்டும் சில்லென்றே கிடந்தது.

“இன்னுமா ரிப்பேர் பண்ணலீங்க?”

“மெக்கானிக்குக்கு நேரமில்லையாம்.” போன வாரமும் இதையேதான் சொன்னார்.

மலை இறங்கும் முன் டீக்கடையில் நிறுத்தினார். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் செலின் அவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். சுருக்கென்று சுட்டது. அவள் நெளிந்ததும் இதமாகக் கதகதத்தது.

இருக்கையில் ஒரு கோளாறும் இல்லை. ‘சுகரெல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு’ என்று அவர் சொல்லிவந்தது நினைவுக்கு வந்தது.

டீயோடு அவர் திரும்பியபோது அவள் தன் இடத்துக்கு நகர்ந்திருந்தாள். வண்டி கிளம்பியது. செலின் மெல்லக் கை நீட்டி அவர் தொடையைக் கிள்ளினாள். பிறகு நகம் பதிய அழுத்திக் கிள்ளினாள்.

“என்ன, பேசாமலே வர்றே?” என்றார் ஞானராஜ், சாலையைப் பார்த்தபடியே. முன்னால் முதல் கொண்டை ஊசி வளைவு தெரிந்தது. பிரேக்கின் மேல் அவர் கால் இருந்தது.