ரத்தத்தில் உப்பு

தாளில் ஒரே ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரக் குறி இருந்தது.

சோடியம் 118.

ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றபடியே அவள் மற்ற வரிகளையும் படித்தாள். சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம். எல்லாம் அதனதன் வரம்புக்குள் இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாமனாருக்கு வழக்கமாக எடுக்கும் பரிசோதனைதான். இதுவரை எதற்கும் குறி விழுந்ததில்லை.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பெரியவரை உடனே அட்மிட் செய்யச் சொன்னார்.

"நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு. வீட்ல எப்படி இருக்கார்? தடுமாற்றம், மறதி, ஆளுங்க மேல சந்தேகம், அப்படி ஏதாவது?"

அவள் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சந்தேகங்கூட இதனால வருங்களா டாக்டர்?"

"வரும்மா."

பக்கத்தில் நின்ற கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ உப்பே போடாமச் சமைச்சியா?"

"சமையல் இல்லைங்க," என்றார் டாக்டர். "பிரஷருக்குக் குடுத்த நீர் மாத்திரை. வயசானவங்க சில பேருக்கு இப்படி இறக்கிவிட்டுடும். மாத்திடலாம்."

அவன் தலையாட்டினான். கேட்டது கேட்டதாகவே நின்றது.

*

இரண்டு மாதமாகவே வீட்டில் இப்படித்தான்.

காப்பித் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார் மாமனார். இட்லியைப் பிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அவள் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் காப்பி அவர் தொண்டையில் இறங்கும்.

பிறகு, இறந்துபோன மாமியாரின் தோட்டைக் காணோம் என்றார். சிவப்புக்கல் தோடு.

பால்காரம்மா முன்னால் வைத்துச் சொன்னார். மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வரும்போது சொன்னார்.

"இவதான் எடுத்துட்டா. எனக்குத் தெரியும்."

பதினேழு வருஷமாக அவளை அம்மிணி என்று வாஞ்சையாகக் கூப்பிட்டவர்.

அவள் வீடு முழுக்கத் தேடினாள். அரிசி டின்னுக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினாள். கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையிலிருந்து திரும்பியபோது வாசற்கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தாள். உள்ளே மாமனாரின் குரல்.

"பீரோவுல இருந்துச்சாடா?"

"இல்லீங்கப்பா. அவ சேலைக்கு அடியிலயும் பாத்துட்டேன்."

ஒரு செருப்பு காலில். ஒன்று கையில்.

காலில் இருந்ததையும் கழற்றினாள்.

பிறகு உள்ளே போய்ப் பையைக் கீழே வைத்தாள். அவரைக்காய் இளசாகக் கிடைத்ததா என்று கணவன் கேட்டான். கிடைத்தது என்றாள்.

அன்றிலிருந்து அவளும் கவனிக்க ஆரம்பித்தாள். வண்டிச் சாவிக்காக அவளுடைய கைப்பையைத் திறக்கும்போது அவன் கை எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது. அவள் குளித்துவிட்டு வரும்போது அவன் எந்த அறையிலிருந்து வெளியே வருகிறான்.

*

ஆஸ்பத்திரியில் உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

121. 125. 129.

125-இல் காப்பியை மோந்து பார்க்காமல் குடித்தார். 129-இல் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் 134.

"அம்மிணி."

அவள் கட்டிலருகே போனாள்.

"அந்தத் தோட்ட நாந்தான் பெரிய பொண்ணுக்குக் குடுத்தேன். பேத்திக்குக் காது குத்தறப்ப." பெரியவருக்கு உதடு கோணியது. "உன்னைய என்னென்னமோ பேசிட்டனாமா?"

துண்டால் அவர் கண்களைத் துடைத்துவிட்டாள். தேடிப் பார்த்தும் அவளுக்கு அவர்மேல் கோபம் கிடைக்கவில்லை. காரணம் தாளிலேயே அச்சாகியிருந்தது.

நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அவனுக்கு அது தோன்றவில்லை.

பீரோ தோன்றியிருக்கிறது.

*

டிஸ்சார்ஜ் ஆன அன்று அவன் உற்சாகமாக இருந்தான். பைகளை அவனே தூக்கிக்கொண்டான்.

"பாத்தியா? எல்லாம் அந்த உப்பு பண்ணுன வேலை."

அந்த 'எல்லாம்' என்ற ஒரு சொல்லுக்குள் அவன் எதையெதையெல்லாம் போட்டுக் கட்டுகிறான் என்று அவள் யோசித்தபடியே நடந்தாள்.

"நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாத்துருங்க," என்றாள்.

"எனக்கென்ன?"

"பாத்துருங்க."

அக்கறை என்று எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலம் தாளை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

"எல்லாம் நார்மல்!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

சோடியம் 140.

135-க்கும் 145-க்கும் சரியாக நடுவில்.

இன்னொரு முறை பார்த்தாள். பெயர் அவனுடையதுதானா என்று மேலே போய்ப் பார்த்தாள். வயது, தேதி. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன தேடற?"

"ஒன்னுமில்லீங்க," என்றாள். "உங்க உப்பு சரியாத்தான் இருக்குது."

"நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு அவன் கைகழுவப் போனான்.