மேட்டில் நிற்கும் வண்டி

"கிளம்பும்போது ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுது தம்பி. சமதளத்துல ஒரு தொந்தரவும் இல்ல. மேடு வந்தா மட்டும் மூச்சு வாங்கி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடும்" என்றார் பெரியவர்.

"எனக்கும் அதே வியாதிதான்" என்று வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே முன் இருக்கையைத் தூக்கினான். அதன் அடியில்தான் எஞ்சின்.

பழைய வேன். உள்ளேயே சமையல், உள்ளேயே தூக்கம். அடுப்புப் பக்கத்தில் டம்ளர்கள் உருளாமலிருக்க ஒரு கம்பித் தட்டு. குறுக்கே கட்டிய கயிற்றில் ஈரச் சட்டைகள். பின்னால் மூன்று படுக்கைகள். அதில் ஒன்றின் விரிப்பு மட்டும் கசங்காமல் இருந்தது.

பின் கண்ணாடியில் ஓர் இளைஞனின் படம். மேலே 'காணவில்லை' என்று பெரிய எழுத்து. வெயில் பட்டுப்பட்டு முகம் வெளுத்துப் போயிருந்தது.

மெக்கானிக்கின் பார்வை போன இடத்தைப் பெரியவர் கவனித்தார்.

"எங்க பையன்தான். ஒரே பையன். கோவிச்சுக்கிட்டுப் போனவன் திரும்பல. ஊர் ஊராத் தேடிட்டு இருக்கோம்."

பலமுறை சொல்லிப் பழகிய குரல். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"முதல்ல டீசல் ஒழுங்கா வந்து சேருதான்னு பார்ப்போம்."

ஃபில்டர் பக்கத்துக் குழாயைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தினான். டீசலோடு குமிழ் குமிழாக நுரையும் வந்தது.

"காத்து இழுக்குதுங்கய்யா. எங்கயோ ஓட்டை இருக்கு."

விளக்கைப் பிடித்துக்கொண்டு ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளிப்புக்குப் பின்னால் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சேறு.

"சும்மா ஓடும்போது தெரியாது. மேட்டுல எஞ்சின் நிறைய டீசல் கேக்கும். ஃபில்டர் அடைச்சிருக்கு, குழாய் வேற காத்தைக் குடிக்குது. நிக்காம என்ன பண்ணும்?"

அவன் கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டினார் பெரியவர்.

"நல்லாப் பழகியிருக்கீங்க."

"எல்லாம் ரோட்டுல கத்துக்கிட்டதுதான்."

குழாயையும் ஃபில்டரையும் மாற்றி, காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சீராக ஓடியது. உள்ளே அந்த அம்மா கைதட்டினார்.

ஆனால் அவன் இறங்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டான். ஓடும் எஞ்சினிலேயே ஆயில் மூடியைத் திறந்தான். குப்குப்பென்று புகை வந்தது. அவன் முகம் மாறியது.

பெரியவர் அவன் தோளைத் தொட்டு, பழைய டயர்கள் அடுக்கியிருந்த சுவரோரம் அழைத்துப் போனார்.

"என்னப்பா?"

"எஞ்சின் உள்ளுக்குள்ள ரொம்பத் தேஞ்சு போச்சுங்கய்யா. எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சொல்ல முடியாது. வழியில எங்கயாவது மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் கஷ்டம். வண்டியை இங்கயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்க."

"மெதுவாப் பேசு. அவ காதுல விழக்கூடாது."

கையிலிருந்த எண்ணெய்த் துணியை அவர் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பையன் இல்ல தம்பி. போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. வண்டிக்கு ஒரு பார்ட்ஸ் வாங்கணும்னு அவகிட்டப் பொய் சொல்லிட்டு பஸ் ஏறினேன். அடையாளம் காட்டினேன். நானே அடக்கம் பண்ணிட்டு வந்தேன்."

மெக்கானிக் வேனைத் திரும்பிப் பார்த்தான்.

"திரும்பி வந்தா, அவ வண்டிப் படியில உக்காந்து என் முகத்தையே பார்த்துட்டு இருந்தா. சொல்லிடணும்னுதான் வந்தேன். 'அடுத்த ஊருக்குப் போலாமா'ன்னுதான் வாயில வந்துச்சு. அவளும் எழுந்து பாத்திரத்தை எடுத்து வெச்சா. தேடிட்டு இருக்கோம்கிற நினைப்புலதான் அவ சாப்பிடுறா, தூங்குறா. வண்டி நின்னா அவ படுத்துடுவா."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டான்.

"மலைப்பாதை வேண்டாங்கய்யா. சுத்து வழியா சமதள ரோட்டுல மெதுவாப் போங்க. ஆயில் குறையக் குறைய ஊத்துங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

பெரியவர் அவன் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் கை கழுவப் போனார்.

மெக்கானிக் வந்து எஞ்சினை நிறுத்தினான். இருக்கையைப் பழையபடி இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கீழே இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எஞ்சின் போயிடுச்சா தம்பி? மறைக்காமச் சொல்லு."

"அதெல்லாம் இல்லம்மா. குழாய்லதான் கோளாறு. மாத்தியாச்சு."

"எப்படியாவது ஓட வெச்சுடுப்பா. இது ஓடினாத்தான் அவர் நடமாடுவார். இது நின்னா அவர் ஒடிஞ்சு போயிடுவார்."

அவனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருக்கையின் கொக்கியை மாட்டுவது போல் குனிந்துகொண்டான்.

"கவலைப்படாதீங்கம்மா. பையன் சீக்கிரம் கிடைச்சிடுவான்."

அந்த அம்மா திரும்பினார். கொட்டகைக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று பார்த்தார். கேட்டது.

"அவன் கிடைச்சாச்சு தம்பி" என்றார் தணிந்த குரலில். "ஆஸ்பத்திரில இருந்து முதல்ல எனக்குத்தான் போன் பண்ணினாங்க. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, நீங்களே சொல்லிடுங்கன்னு அவர் நம்பரைக் கொடுத்ததே நான்தான்."